மலையைப் பார்த்தபடி ஒரு கிரிவலம்: முதல்முறை போகிறவர்களுக்கு

திருவண்ணாமலைக்கு முதல்முறை கிரிவலம் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் எட்டு லிங்கங்களையும் வரிசையாக ஒப்பிப்பார்கள். இடுக்குப் பிள்ளையாரில் நுழைந்து வெளியே வந்த கதை வரும். கூட்டம், டீக்கடை, காலில் கொப்புளம் எல்லாம் வரும். மலை எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்கள். "இருட்டில் சரியாகத் தெரியலைங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

சுற்றி வந்ததே அந்த மலையைத்தான். இந்த ஊரில் மலை கோவிலுக்குப் பின்னால் இருக்கும் காட்சி இல்லை, மலையே லிங்கம். அயனும் மாலும் அடிமுடி தேடித் தோற்ற நெருப்புத் தூண்தான் குளிர்ந்து மலையாக நிற்கிறது என்பது தலபுராணம். கிருதயுகத்தில் நெருப்பாக, திரேதாயுகத்தில் மாணிக்கமாக, துவாபரயுகத்தில் பொன்னாக இருந்தது, கலியுகத்தில் கல்லாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஆக, நம் காலத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட உருவம் கல். அந்தக் கல்லை நின்று நிதானமாகப் பார்ப்பதும் தரிசனம்தான். வேடிக்கை பார்க்கிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். அண்ணாமலையாரே ஆண்டுக்கு இரண்டு முறை, கார்த்திகை தீபத்தை ஒட்டியும் தை மாதத் திருவூடலை ஒட்டியும், புறப்பட்டுப் போய் இந்த மலையைச் சுற்றி வருகிறார்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலையின் உயரம் 2,668 அடி. இந்த இரண்டு எண்கள் போதும், மீதி நடக்க நடக்கத் தெரியும்.

நாளும் நேரமும்

முதல் கிரிவலத்துக்குப் பௌர்ணமி வேண்டாம் என்பேன். இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். பௌர்ணமிக்குத் தனி மகிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் இரவில் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருப்பது முன்னால் போகிறவரின் முதுகு. நிற்கவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. முதலில் ஒரு சாதாரண வார நாளில் மலையைப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் பௌர்ணமிக்குப் போனால், நிலா வெளிச்சத்தில் தெரியும் கறுப்பு விளிம்பில் எது எந்தச் சிகரம் என்று உங்களுக்கே பிடிபடும்.

மாதம் என்றால் மார்கழி, தை, மாசி. கார்த்திகை மழை கழுவிவிட்டுப் போன காற்றில் தூசி குறைவு. சரிவெல்லாம் பச்சை, அந்தப் பச்சைக்கு நடுவே பாறைகள் ஈரக் கறுப்பாகத் தனித்துத் தெரியும். பங்குனிக்குமேல் புல் காய்ந்து சருகாகிவிடும். அழகு குறையும், ஆனால் கல்லின் எலும்புக்கூடு நன்றாக வெளியே வரும். பாறைதான் எனக்கு வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் நல்ல நேரமே. சித்திரை, கத்திரி வெயில் மட்டும் வேண்டாம். வெறுங்காலோடு போகிற நடை இது, தார்ச்சாலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கிவிடும்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். குளிர்ச்சி ஒரு காரணம், வெளிச்சம் இன்னொரு காரணம். பெரிய கோவில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. வலமாகச் சுற்றும்போது கிழக்கிலிருந்து தெற்கு, பிறகு மேற்கு, பிறகு வடக்கு என்று போவீர்கள். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ரமணாசிரமம் தாண்டி எமலிங்கத்தை நெருங்கும்போது சூரியன் எழும். அந்த முதல் வெயில் கிழக்கு, தெற்குப் பாறைகளின்மேல் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பிளவும் மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே சரிவு தட்டையாகத் தெரியும்.

மேற்குப் பக்கம் போகும்போது சூரியன் மலைக்குப் பின்னால் இருப்பார். சரிவின் விவரம் தெரியாது, ஆனால் சிகரங்களின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கும். சிகரங்களை எண்ணிப் பார்க்க அதுதான் வசதி. மேற்கு முகத்தின் பாறைகளை விவரமாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு மாலை நாலரை மணிக்கு மேல் ஆட்டோ பிடித்து ஆதி அண்ணாமலைப் பக்கம் தனியாகப் போய் வாருங்கள்.

கிளம்பும் முன்

செருப்பைத் தங்கும் அறையிலேயே விட்டுவிடுவது நல்லது. வெறுங்கால் நடை பழக்கமில்லை என்றால் பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். கடைசி மூன்று நான்கு கிலோமீட்டரில் உதவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் விஷயத்தில் வீம்பு காட்டக் கூடாது, செருப்போடு நடந்தால் மலை கோபித்துக்கொள்ளாது. தண்ணீர் ஒரு பாட்டில் போதும், வழியில் கடைகள் உண்டு. சாமியார்கள் நிறைய உட்கார்ந்திருப்பார்கள், கொடுக்க நினைப்பவர்கள் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க முடியாதவர்கள் ஆட்டோவில் சுற்றலாம், லிங்கங்களில் நிறுத்தி நிறுத்திக் கூட்டிப் போவார்கள். மலையைப் பார்க்கவும் நாலு இடத்தில் நிறுத்தச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் கோவில் வாசலில் இறக்கிவிட்டுவிடுவார்கள்.

சாலையின் இடப்பக்கமாக நடப்பது வழக்கம். மலையை ஒட்டிய வலப்பக்கத்தில் சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் வலம் வருகிறார்கள் என்பது நம்பிக்கை. பார்க்க வருகிறவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. சாலையின் அகலம் முழுவதும் உங்களுக்கும் மலைக்கும் நடுவே இடைவெளியாகக் கிடைக்கும். வலப்பக்கம் ஒட்டி நடந்தால் மரமும் மதிலும்தான் தெரியும்.

எப்படிப் பார்ப்பது

கிழக்கு ராஜகோபுரத்தில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பியதும் ஊருக்குள் இந்திர லிங்கம் வரும். அங்கிருந்து ஊர்த் தெருக்கள், பிறகு அக்னி லிங்கம், சேஷாத்திரி ஆசிரமம், ரமணாசிரமம். இந்தப் பகுதியில் இருட்டாகத்தான் இருக்கும், கடகடவென்று நடந்துவிடலாம்.

எம லிங்கத்திலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வழியிலிருக்கும் பெரும்பாலான சந்நிதிகள் சாலையின் இடப்பக்கம். அங்கே கும்பிடும்போது முதுகு மலைக்குத் திரும்பியிருக்கும். கும்பிட்டு முடித்ததும் வாசலில் நின்று திரும்பி, மலையை ஒரு நிமிடமாவது பாருங்கள். முதலில் விளிம்பு: வானத்தைத் தொடும் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது. அப்புறம் அந்த விளிம்பிலிருந்து கீழே இறங்கிவரும் முதுகெலும்புகள் போன்ற மேடுகளும், அவற்றுக்கு இடையே மழைத் தண்ணீர் இறங்கும் பள்ளங்களும். கடைசியில்தான் தனித்தனிப் பாறைகள். எடுத்தவுடன் பாறையில் முகத்தைத் தேட ஆரம்பித்தால் மலை முழுவதும் கைநழுவிப் போகும்.

பாதையில் ஆங்காங்கே நந்திகள் இருக்கின்றன. சிவன் கோவிலில் நந்தி சந்நிதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே அவை மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நந்தியைக் கண்டால் அதன் பின்னால் போய் நின்று, கொம்புகளுக்கு நடுவே அது பார்க்கும் திசையில் நீங்களும் பாருங்கள். எங்கே நின்றால் மலை நன்றாக அமையும் என்று யோசித்து வைத்தவர்கள் வைத்தது அது. செல்பேசியில் படம் எடுக்க இடம் தேடுகிறவர்களுக்கும் இதைவிட நல்ல குறிப்பு என்னிடம் இல்லை.

எம லிங்கத்துக்கு அப்புறம் செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். இந்தத் திருப்பத்தில் சந்தேகம் வந்தால் யாரையும் கேட்கலாம், வழி சொல்லாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. திரும்பியதும் ஊர்ச் சத்தம் குறையும், வலப்பக்கம் வனத்துறைக் காடு. விடியலில் புள்ளிமான் தென்படலாம். இங்கிருந்து நிருதி லிங்கம் வரை மலையின் தோற்றம் வேகமாக மாறும். அதுவரை ஒற்றைக் கூம்பாக நின்றது பக்கவாட்டில் நீண்டு படுக்கும். நிருதி லிங்கத்துக்கு அருகே நின்று பார்த்தால் மலையின் முன்பகுதி படுத்திருக்கும் நந்தியின் தலை போலத் தெரியும் என்று காட்டுவார்கள். உடனே தெரியாவிட்டால் பத்தடி முன்னே போங்கள், பத்தடி பின்னே வாருங்கள். ஒரு இடத்தில் சட்டென்று திமிலும் கழுத்தும் பொருந்தும். இன்னும் நாலு எட்டு வைத்தால் கலைந்துவிடும்.

பக்தர்கள் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. கிழக்கே ஒரே சிகரமாகத் தெரிவது ஏகன். வழியில் இரண்டாகத் தெரிவது அர்த்தநாரீசுவரர். மேற்கே மூன்றாகத் தெரிவது மும்மூர்த்தி. சுற்று முடியும் தறுவாயில் ஐந்தாகத் தெரிவது சிவனின் ஐந்து திருமுகங்கள். இருக்கும் சிகரங்கள் எப்போதும் அதே சிகரங்கள்தான். கோவில் பக்கமிருந்து பார்க்கும்போது முன்னால் இருக்கும் உச்சி மற்றவற்றை மறைத்துக்கொள்கிறது, சுற்றி வர வர ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தவை விலகி வெளியே வருகின்றன. காரணம் இவ்வளவுதான். ஆனால் காரணம் தெரிந்தபின்னும் இரண்டாவது சிகரம் முதல் சிகரத்தின் தோளிலிருந்து மெல்லப் பிரிந்து வருவதை நடந்துகொண்டே பார்ப்பது ஒரு தனி அனுபவம். உட்கார்ந்த இடத்தில் இது கிடைக்காது. சுற்றி வா என்று சொன்னவர்கள் இதைக் கண்டுதான் சொன்னார்களோ என்று எனக்குத் தோன்றும்.

ஆதி அண்ணாமலை வந்தால் பாதி தூரம் முடிந்தது. கோவிலுக்குள் போங்கள், கூட்டம் குறைவான, அமைதியான கோவில். ஊர்த் தெருக்களின் முடிவில் மலை எழுந்து நிற்பதைப் பார்க்க ஒரு கால்மணி நேரம் ஒதுக்கலாம். டீயும் இங்கே குடித்துக்கொள்ளலாம்.

அந்தக் கல் எப்படி வந்தது

வழியில் யாராவது ஒருவர் இது அணைந்துபோன எரிமலை என்று சொல்லியே தீருவார். அப்படி இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வழிந்து உறைந்த கல் வேறு வகை. வட தமிழகத்துக் குன்றுகளில் பரவலாக இருப்பவை சார்னோக்கைட், நைஸ், கிரானைட் போன்ற பாறைகள். நாம் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுகிறோம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பதும் சார்னோக்கைட்தான். இவை நிலத்துக்கு அடியில் வெகு ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று புவியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். மேலே மூடியிருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போய், உறுதியான பகுதிகள் மட்டும் குன்றுகளாக மிஞ்சின. நெருப்பு குளிர்ந்து கல்லானது என்று புராணம் சொல்வதைப் புவியியலோடு முடிச்சுப்போட்டு மார்தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. இரண்டும் தனித்தனியாகவே போதுமான அளவு வியப்பைத் தருகின்றன.

சரிவில் உருண்டு திரண்ட பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். யாரோ தூக்கி வைத்ததுபோல் இருக்கும். உண்மையில் அவை வைக்கப்பட்டவை இல்லை, மிஞ்சியவை. பெரும் பாறைத் தொகுதியில் நெடுக்கும் குறுக்குமாக விரிசல்கள் இருக்கும். மழைநீர் அந்த விரிசல்களில் இறங்கிக் கல்லை மெல்ல மெல்ல மண்ணாக்கும். சதுரக் கட்டியின் மூலைகளில் தண்ணீர் பல பக்கமிருந்தும் தாக்குவதால் மூலைகள் முதலில் கரைந்து, கட்டி உருண்டையாகும். சுற்றியிருந்த மண் அடித்துப்போனதும் உருண்டைகள் அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிவிடும். வெயிலிலும் மழையிலும் மேற்பரப்பு வெங்காயத் தோல் போல அடுக்கு அடுக்காகக் கழன்றிருப்பதையும் சில பாறைகளில் காணலாம்.

பாறை முகங்களில் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகள் இறங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் வழியும் தடம் அது, ஈரத்தில் பாசி படிந்து கறுத்துப்போனது. எனக்கு அது சடையாகத்தான் தெரியும். மார்கழிக் காலையில் அந்தக் கோடுகளில் இன்னும் ஈரம் மினுங்கினால் உங்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

வடக்குப் பக்கம்

வாயு லிங்கம், குபேர லிங்கம் என்று நடை நீளும். குபேர லிங்கத்தில் எப்போதும் கூட்டம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதை அடுத்து இடுக்குப் பிள்ளையார். இடைக்காட்டுச் சித்தரோடு சேர்த்துச் சொல்லப்படும் சிறு கட்டடம் இது, ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து வெளியே வர வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடலாம். இடுக்கில் மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்கள் முயல வேண்டாம்.

அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்றவர்கள் பலர், சற்றுத் தள்ளி வரும் பஞ்சமுக தரிசன இடத்தைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஐந்து முகடுகளும் ஒரே வரிசையில் தெரியும் இடம் இதுதான். அவசரமாக எண்ணினால் மூன்றோ நாலோதான் வரும். இடமிருந்து வலமாக விளிம்பைக் கண்ணால் தடவிக்கொண்டே போங்கள். பெரிய உச்சியை முதலில் எண்ணாமல் கடைசியில் எண்ணுங்கள், சின்ன முகடுகள் அதன் பக்கத்தில் மறைந்துவிடுவதுதான் சிக்கல். ஈசானம், தத்புருஷம், அகோரம், வாமதேவம், சத்யோஜாதம் என்று பெயர் சொல்லி எண்ணினால் தவறாது. எனக்குத் தெரிந்து மொத்த 14 கிலோமீட்டரில் நின்று பார்க்கத் தகுந்த முதல் இடம் இது. இங்கே கால்வலியைச் சாக்கு வைத்துக் கொஞ்சம் உட்காருங்கள்.

அப்புறம் ஈசான்ய லிங்கம், ஊர், கடைத்தெரு, மறுபடி ராஜகோபுரம். நின்று நின்று நடந்தால் ஐந்து மணி நேரம் ஆகும்.

மேலே ஏறலாமா?

உச்சிக்கு ஏறாதீர்கள். கார்த்திகை தீபத்தன்று அனுமதிச் சீட்டோடு ஏறவிட்டது 2024-க்கு முந்தைய தனி ஏற்பாடு. மற்ற நாட்களில் வனத்துறைத் தடை உண்டு, வழிகாட்டுகிறேன் என்று யாராவது அழைத்தாலும் போக வேண்டாம். மலையையே சிவனாக வணங்கும் ஊர் இது. தீபம் ஏற்றக் கால்வைத்து ஏறியதற்கே பிராயச்சித்தம் செய்யும் வழக்கம் இருக்கிறது. காட்டுக்குள் போகும் பழைய உள்வழிப் பாதையும் இப்போது அனுமதியில்லாத பாதைதான்.

அபாயமும் உண்மையானது. ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து பாறை உருண்டு, குழந்தைகள் உட்பட ஏழு பேர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. உருண்டைப் பாறைகள் எப்படி உருவாயின என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே தண்ணீர் அடியிலிருக்கும் மண்ணை இளக்கினால் அவை இறங்கியும் வரும். பலத்த மழை பெய்து ஓரிரு நாட்கள் ஆகும்வரை சரிவுப் பக்கம் எதற்கும் போகாதீர்கள்.

பாறையைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால் ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து ஸ்கந்தாசிரமம் போகும் கல் பாவிய பாதை இருக்கிறது. திறந்திருக்கிறதா, எந்த நேரம் வரை என்று ஆசிரமத்தில் கேட்டுவிட்டுக் காலையிலேயே போங்கள். மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள். கிரிவலம் நடந்த அதே நாளில் வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு பெரும் பாறையிலிருந்து அண்ணாமலையார் கோவிலின் கோபுரங்களும் மதில்களும் வரைபடம்போல் விரிந்து தெரியும். சற்றுக் கீழே விரூபாட்ச குகை. ரமணர் 1899 முதல் 1916 வரை இங்கேயும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். குகையின் உட்புறம் ஓங்கார வடிவம் என்பார்கள். உள்ளே வெக்கையாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் தலைக்குமேல் இருக்கும் கல்லின் வளைவு தெரியவரும்.

இரண்டு வேண்டுகோள். சொந்த வீடு அமைய வேண்டி வழியோரம் கற்களை அடுக்குவது மக்கள் வழக்கம். அடுக்கியிருப்பதைத் தட்டிவிடாதீர்கள், ஆனால் நீங்கள் புதிதாக அடுக்கச் சரிவிலிருந்து கல் பெயர்க்காதீர்கள். அப்புறம், கோடையில் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்துவது. இந்த மலையில் கோடைத் தீ அடிக்கடி பரவுகிறது, பல ஆண்டுகளாக நட்டு வளர்த்த மரங்கள் அதில் போகின்றன. கற்பூரம் சந்நிதியில் மட்டும் போதும்.

நேரம் மிஞ்சினால்

ஊருக்குள்ளேயே, பெரிய கோவிலுக்கு வடகிழக்கே, பவளக்குன்று என்று ஒரு சின்னப் பாறைக் குன்று இருக்கிறது. பெரிய மலையின் பக்கத்தில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. உமை தவமிருந்த இடம் என்பது நம்பிக்கை, மேலே அர்த்தநாரீசுவரர் கோவில். இளம் துறவியாக இங்கே இருந்த மகனைத் திரும்ப அழைத்துப் போக 1898-ல் ரமணரின் தாயார் வந்ததும் இந்தக் குன்றுக்குத்தான். படியேறப் பத்து நிமிடம். இங்கிருந்து மலை கையெட்டும் தூரத்தில் தெரியும். கிரிவலம் முடித்த கையோடு வந்தால், காலையில் சுற்றி வந்த மேடு பள்ளங்களில் கிழக்குப் பக்கத்தவை எவை என்று விரல் நீட்டிச் சொல்லிவிடுவீர்கள். சந்நிதி திறந்திருக்கும் நேரத்தைக் கீழே கடைகளில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய கோவிலும் மதியம் நடை சாத்திவிடும் என்பதால், உள்ளே தரிசனம் இன்னும் பாக்கி என்றால் முதலில் அதை முடித்துவிட்டுக் குன்றுக்கு மாலையில் வாருங்கள்.